வேட்பாளரின் குடும்பத்தை மேடையில் இழுத்தால் எங்கே, எதை வைத்துப் புகார் கொடுப்பது?

கேள்வி இதுதான்: சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தில் எதிரணிப் பேச்சாளர் ஒருவர் எங்கள் வேட்பாளரின் திருமணத்தையும் தாயாரையும் பற்றிக் கேவலமாகப் பேசிவிட்டார். புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா, இல்லை எல்லாம் கண்துடைப்பா? ஒருவேளை தோற்றுவிட்டால் இதைக் காட்டித் தேர்தலை ரத்து செய்ய முடியுமா?

நடக்கும். ஆனால் எங்கே கொடுக்கிறீர்கள், எப்போது கொடுக்கிறீர்கள், கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நடக்கும். ஒரே பேச்சைத் தேர்தல் ஆணையம் ஒரு விதமாகப் பார்க்கும், குற்றவியல் நீதிமன்றம் வேறு விதமாகப் பார்க்கும், தேர்தல் வழக்கை விசாரிக்கும் உயர் நீதிமன்றம் மூன்றாவது விதமாகப் பார்க்கும். பெரும்பாலான புகார்கள் வீணாவது, ஓரிடத்தில் சொல்ல வேண்டியதை இன்னோரிடத்தில் போய்ச் சொல்வதால்தான்.

முதலில் ஆணையம். தேர்தல் நடத்தை விதிமுறையின் முதல் பகுதியிலேயே இது இருக்கிறது: மற்றக் கட்சிகள் மீதான விமர்சனம் அவற்றின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிற்க வேண்டும், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிப்பட்ட வாழ்க்கையைத் தொடக்கூடாது, சரிபார்க்காத குற்றச்சாட்டுகளைச் சொல்லக்கூடாது. இங்கே கவனிக்க வேண்டியது, பேசியது பொய் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேட்பாளருக்கு இரண்டாவது திருமணம் நடந்தது உண்மையாகவே இருக்கலாம். அதை மேடையில் இழுத்தாலும் விதிமீறல்தான். உண்மையான, ஆனால் அந்தரங்கமான விஷயத்துக்குத் தேர்தல் சட்டத்தின் பக்கம் இருக்கும் ஒரே வழி இதுதான்.

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில், மார்ச் கடைசி வாரம், ஆயிரம் விளக்கு தொகுதிப் பிரசாரத்தில் தி.மு.க. எம்.பி. ஆ. ராசா, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியையும் ஸ்டாலினையும் ஒப்பிட்டுப் பேசும்போது பழனிசாமியின் பிறப்பை இழுத்தார். அவருடைய தாயார் அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2020 அக்டோபரில், காலமாகியிருந்தார். திருவொற்றியூர்ப் பிரசாரத்தில் பழனிசாமி அதைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கியது எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. ராசா மன்னிப்புக் கேட்டார். அ.தி.மு.க. புகார் கொடுத்தது, மார்ச் 30 அன்று ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, ஏப்ரல் 1 அன்று உத்தரவு வந்தது: கண்டனம், தி.மு.க.வின் நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து (கட்சி தன் முக்கியப் பிரசாரகர்கள் என்று ஆணையத்திடம் கொடுக்கும் பட்டியல்) நீக்கம், 48 மணி நேரம் பிரசாரத் தடை. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. பிரசாரம் ஏப்ரல் 4 மாலை 7 மணிக்கு முடிந்தது. அதாவது மிச்சமிருந்த பிரசார நாட்களில் பாதிக்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

48 மணி நேரம் என்ன பெரிய தண்டனை என்று கேட்கலாம். வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது ஒன்றுமே இல்லை, கடைசி வாரத்தில் பெரிய அடி. ஆகவே புகாரைத் தாமதிக்காமல் கொடுப்பது ஒரு பக்கம் இருக்க, அதே ஆள் முன்பு பேசியதையும் சேர்த்து வைத்திருப்பது இன்னும் முக்கியம். இதே ஆளுக்கு ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்தும் திருந்தவில்லை என்று காட்டினால் ஆணையத்தின் பிடி இறுகும்.

பட்டியலிலிருந்து நீக்குவது கௌரவப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம், அதில் கணக்கும் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. பட்டியலை விட்டுப் போனதும் அவர் வந்து இறங்கும் செலவெல்லாம் அந்தத் தொகுதி வேட்பாளர் தலையில் விழும். 2021-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 30.8 லட்சம், 2022-இலிருந்து 40 லட்சம். ஹெலிகாப்டரில் வருகிற பேச்சாளர் ஒருவரை இந்த வரம்புக்குள் அடக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் இந்த அதிகாரமே கேள்விக்குள்ளானதும் உண்டு. 2020 மத்தியப் பிரதேச இடைத்தேர்தலில், பெண் வேட்பாளர் ஒருவரை இழிவாகப் பேசியதற்கு எச்சரித்த பிறகும் விதிகளை மீண்டும் மீண்டும் மீறியதாகச் சொல்லி, காங்கிரஸ் தலைவர் கமல்நாத்தை ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. யார் கட்சித் தலைவர் என்று தீர்மானிக்க நீங்கள் யார் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் நவம்பர் 2 அன்று அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. மறுநாள் வாக்குப்பதிவு. ஆகவே புகாரில் பட்டியல் நீக்கத்தை மட்டும் கேட்காமல், அரசமைப்பின் 324-வது பிரிவின்கீழ் பிரசாரத் தடையையும் சேர்த்துக் கேளுங்கள்.

புகாரை யாருக்கு அனுப்புவது? தேர்தல் நடத்தும் அலுவலர், மாவட்டத் தேர்தல் அலுவலர் (பெரும்பாலும் ஆட்சியர், சென்னையில் மாநகராட்சி ஆணையர்), தொகுதிப் பொதுப் பார்வையாளர், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி என நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில். நட்சத்திரப் பேச்சாளர் மீதான புகார் என்றால் டெல்லி ஆணையத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும், ஏனென்றால் தடை விதிப்பது அங்கேதான். உள்ளூரில் மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், அறிக்கை மேலே போய்ச் சேர்வதற்குள் தேர்தல் முடிந்துவிடும்.

புகாரில் இருக்க வேண்டியவை: கூட்டம் நடந்த இடம், தேதி, பேச்சு தொடங்கிய நேரம், அந்த வாக்கியம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, மேடையில் யார் யார் இருந்தார்கள், சொன்ன சொற்கள் அப்படியே தமிழில். கடைசியாகச் சொன்னதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எழுதக் கூசி, "தரக்குறைவாகப் பேசினார்" என்று நாகரிகமாக முடித்துவிடுகிறார்கள். விசாரிக்கிறவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. புகாரில் சொல்லை அப்படியே எழுதுங்கள்; பத்திரிகைச் செய்திக்குறிப்பில் மட்டும் அதைத் திருப்பிச் சொல்லாதீர்கள். நான்கு தெருவில் கேட்டதை நாற்பது தெருவுக்குக் கொண்டு சேர்ப்பது பல நேரம் பாதிக்கப்பட்டவரின் கட்சியேதான்.

விதிமீறலைப் புகார் செய்ய ஆணையமே நடத்தும் சி-விஜில் செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகைப்படமோ அதிகபட்சம் 2 நிமிட வீடியோவோ செயலிக்குள்ளேயே எடுத்து அனுப்ப வேண்டும். கேலரியில் கிடப்பதை ஏற்ற முடியாது. 100 நிமிடத்துக்குள் முடிவு என்பது அதன் இலக்கு. சுவரொட்டி, பேனர், துண்டுப் பிரசுரம் ஆகியவற்றுக்கு அருமையான கருவி. மேடைப் பேச்சுக்கு அவ்வளவு பொருந்தாது. 2 நிமிடத்தில் முன்பின் அறுந்துபோகும், "வெட்டி ஒட்டிவிட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்ல வசதியாகிவிடும். ராசாவும் தன் பேச்சு திரித்துக் காட்டப்பட்டதாகத்தான் முதலில் சொன்னார். முழுப் பேச்சையும் யாராவது ஒருவர் நிறுத்தாமல் பதிவு செய்திருக்க வேண்டும். பெரிய கூட்டம் என்றால் ஆணையத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுவே படம் எடுத்திருக்கும். அதன் நகலைக் கேட்டு அன்றைக்கே எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து வையுங்கள். அரசுத் தரப்புப் பதிவை எதிர்த்தரப்பு சுலபமாக மறுக்க முடியாது.

இனிக் காவல் நிலையம். அவதூறு (பாரதிய நியாய சன்ஹிதா 356, பழைய தண்டனைச் சட்டத்தில் 499, 500) என்று புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், அது அவர்கள் தவறில்லை. அவதூறில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். கட்சியின் வழக்கறிஞர் அணிச் செயலாளர் பாதிக்கப்பட்டவர் ஆகமாட்டார். மனைவியைப் பற்றிப் பேசியிருந்தால் மனைவி கையெழுத்திட வேண்டும். இறந்துபோன தாயைப் பற்றிப் பேசினாலும் அவதூறு உண்டு. உயிரோடு இருந்திருந்தால் பெயருக்குக் களங்கம் வந்திருக்கும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தது என்ற இரண்டையும் காட்ட வேண்டும். அதற்கான விளக்கம் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது, ஆனால் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

போலீஸே வழக்குப் பதியக்கூடியது, ஒரு பெண்ணின் மாண்பை அவமதிக்கும் சொல்லுக்கான 79-வது பிரிவு (பழைய 509). வேட்பாளரின் மனைவி, மகள் உள்ளிட்ட பெண்களைப் பற்றிய ஆபாசப் பேச்சுக்கு இதுதான் முதலில் தேட வேண்டியது. மூன்று ஆண்டு வரை சிறை. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதற்கான 296 (பழைய 294) கூடவே வரும்.

தேர்தலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு, 175 (பழைய 171ஜி): வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு பொய்த் தகவல் வெளியிடுவது. கேட்கக் கம்பீரமாக இருக்கும், தண்டனை அபராதம் மட்டும். அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்கு வழக்குக் கால வரம்பு ஆறு மாதம். தேர்தல் முடிந்து, அமைச்சரவை அமைந்து, ஆறப்போட்டுப் பார்த்தால் காலம் கடந்திருக்கும். இதைவிட வேதனை, வாக்குக்குப் பணம் கொடுத்ததற்காகவோ முறையற்ற செல்வாக்கைப் பயன்படுத்தியதற்காகவோ தண்டனை பெற்றால் தேர்தலில் நிற்கத் தடை வரும். குணக்கொலைக்குத் தண்டனை பெற்றால் வராது. சட்டம் எழுதியவர்கள் எதைப் பெரிதாக நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

மூன்றாவது, கேள்வியின் கடைசிப் பகுதி: தேர்தலை ரத்து செய்வது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4). ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட குணம் அல்லது நடத்தை பற்றி, பொய்யென்று தெரிந்தோ உண்மையென்று நம்பாமலோ, அவரது வெற்றி வாய்ப்பைக் கெடுக்கும் விதத்தில் உண்மைத் தகவல் போலச் சொல்வது தேர்தல் முறைகேடு. வெற்றி பெற்ற வேட்பாளரோ, அவரது தேர்தல் முகவரோ, அவர்கள் சம்மதத்தோடு இன்னொருவரோ செய்தது நிரூபணமானால் 100-வது பிரிவின்கீழ் தேர்தல் செல்லாது. ஆறு ஆண்டு வரை தகுதியிழப்பும் வரலாம்.

இந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் ஒரு தடை. "வேட்பாளரின்" என்று இருக்கிறது, குடும்பத்தாரின் என்று இல்லை. வேட்பாளரின் தம்பி குடிகாரர் என்று சொன்னால் இந்தப் பிரிவு வராது. வேட்பாளர் மனைவியை அடித்து விரட்டினார் என்று பொய் சொன்னால் வரும், ஏனென்றால் அது அவருடைய நடத்தை. அடுத்து "தகவல்". வசை தகவல் ஆகாது. 2025 டெல்லித் தேர்தலில் கால்காஜி தொகுதியின் பா.ஜ.க. வேட்பாளர் ரமேஷ் பிதூரி, எதிர்த்து நின்ற முதல்வர் ஆதிஷியைப் பற்றி, பெயரின் பின்னொட்டை மாற்றியதைச் சொல்லி "அப்பாவையே மாற்றிவிட்டார்" என்றார். மார்க்ஸ், லெனின் பெயர்களைச் சேர்த்து வைத்த 'மார்லெனா'வை அவர் பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். ஆதிஷி பத்திரிகையாளர்கள் முன் அழுதுவிட்டார். கேவலமான பேச்சு, நடத்தை விதிமீறல், சந்தேகமே இல்லை. ஆனால் இது ஒரு பொய்த் தகவலா, வெறும் வசையா என்று நீதிமன்றத்தில் நாள் கணக்கில் வாதாடலாம்.

அங்கே அந்த வாதம் எழவே இல்லை, காரணம் ஆதிஷி ஜெயித்துவிட்டார். தேர்தல் மனு ஜெயித்தவரின் தேர்தலை எதிர்த்துத்தான் போட முடியும். பழனிசாமி விஷயத்திலும் அப்படித்தான்: அவர் எடப்பாடியில் 93,802 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார், பேசியவர் வேட்பாளரே இல்லை, பேசிய இடம் வேறு தொகுதி. மாநிலம் முழுக்க அறிந்த தலைவர்கள் மீதான குடும்பத் தாக்குதலுக்கு 123(4) அநேகமாக உதவாது என்பதற்கு இதுவே காரணம். ஒரே தொகுதியில் மோதிக்கொள்ளும் இருவரில், தாக்கப்பட்டவர் தோற்றால்தான் இது ஆயுதம்.

தோற்றிருந்தால்? முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். ஒரு நாள் தாமதித்தாலும் மன்னிப்பு கிடையாது. மற்ற வழக்குகளில் போலத் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போட முடியாது. உயர் நீதிமன்றத்தில் வேட்பாளரோ அந்தத் தொகுதி வாக்காளரோ தாக்கல் செய்யலாம். காப்புத்தொகை 2,000 ரூபாய், தாக்கல் செய்யும்போதே கட்ட வேண்டும். எத்தனை எதிர்மனுதாரரோ அத்தனை நகல், ஒவ்வொன்றிலும் மனுதாரரே "உண்மை நகல்" என்று கையெழுத்திட வேண்டும். முறைகேட்டுக் குற்றச்சாட்டு எந்த வேட்பாளர் மீதெல்லாம் இருக்கிறதோ அவர்களையெல்லாம் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். கூடவே படிவம் 25-இல் உறுதிமொழிப் பத்திரம். காப்புத்தொகை, நகல், எதிர்மனுதாரர் சேர்ப்பு ஆகியவற்றில் கோளாறு என்றால் விசாரணைக்கே போகாமல் தள்ளுபடி ஆகலாம். இந்த மனுக்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான், சாட்சிக் கூண்டுக்குப் போவதற்கு முன்பே.

சம்மதத்தை நிரூபிப்பதுதான் அடுத்த மலை. பேசியவர் யாரோ, ஜெயித்தவர் யாரோ. "எனக்குத் தெரியவே தெரியாது" என்பார். 1962 ராஜஸ்தான் தேர்தல் தொடர்பான குமாரா நந்த் வழக்கு இதில் வழிகாட்டி. வேட்பாளர் தலைமை தாங்கிய கூட்டத்தில் வேறொருவர் கவிதை படித்து எதிராளியைத் திருடர்களில் எல்லாம் பெரிய திருடர் என்றார். படித்தவர் என்ன நம்பினார் என்பது முக்கியமில்லை, வேட்பாளர் என்ன நம்பினார் என்பதுதான் கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். தாக்கப்பட்டவர் கூண்டில் ஏறி அது பொய் என்று சத்தியம் செய்துவிட்டால், உண்மையென்று நம்பியதைக் காட்டும் சுமை மறுபக்கம் போகிறது என்றும் சொன்னது. அதனால்தான் மேடையில் யார் யார் இருந்தார்கள் என்று குறித்து வைக்கச் சொன்னேன். பேச்சாளரை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்த வீடியோவைவிட, பக்கத்தில் வேட்பாளர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிற கோணத்தில் எடுத்தது பல மடங்கு மதிப்பு.

பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு வழக்கை வைத்தே சொல்கிறேன். மின்னணுச் சாட்சியம் பற்றி இந்தியாவில் எல்லா வழக்கறிஞர்களும் மேற்கோள் காட்டும் பி.வி. அன்வர் எதிர் பி.கே. பஷீர் தீர்ப்பு (2014 செப்டம்பர் 18) எங்கிருந்து வந்தது தெரியுமா? 2011 கேரளச் சட்டமன்றத் தேர்தல், ஏறநாடு தொகுதி, இதே 123(4). அன்வரை ஒரு கொலையோடு தொடர்புபடுத்திப் பாட்டும் அறிவிப்பும் பேச்சுமாகப் பிரசாரம் நடந்தது என்பது குற்றச்சாட்டு. பதிவுகளைக் கணினிக்கு மாற்றி, சி.டி. போட்டு நீதிமன்றத்தில் கொடுத்தார். அதற்குச் சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி செய்யும் சான்று) இல்லை. அத்தனை சி.டி.யும் ஏற்கப்படவில்லை, வழக்கு தோற்றது. பிரசாரத்தில் ஒலிபரப்பப் பயன்பட்ட அந்த சி.டி.க்களையே போலீஸ் மூலமோ தேர்தல் ஆணையம் மூலமோ கைப்பற்ற வைத்திருந்தால் அவையே முதன்மைச் சாட்சியம் ஆகியிருக்கும் என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2020-இல் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கில் (அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு) இந்த நிலை மீண்டும் உறுதியானது.

இப்போது 65பி-க்குப் பதில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63. சான்றிதழ் இரண்டு பாகம்: பதிவு செய்த கருவியைக் கையாள்பவர் ஒன்று, நிபுணர் ஒன்று, கோப்பின் ஹாஷ் எண்ணோடு (கோப்பின் கைரேகை போன்ற எண், கோப்பு மாறினால் இதுவும் மாறிவிடும்). நடைமுறையில் செய்ய வேண்டியது இது. படமெடுத்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், அந்தக் கோப்பைத் திறந்து வெட்டாதீர்கள். அன்றிரவே ஹாஷ் எண் எடுத்து, எடுத்தவர் பெயர், போன் மாடல், நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி ஹாஷ் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வந்ததை முன்னனுப்பி முன்னனுப்பி, கடைசியில் அசல் யார் போனில் இருந்தது என்றே தெரியாமல் போவதுதான் வழக்கம். வேனில் ஒலிபரப்பிய பாட்டு என்றால், பறக்கும் படையைக் கூப்பிட்டு அந்த பென்டிரைவைக் கைப்பற்றச் சொல்லி மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) போட வையுங்கள்.

மொட்டை நோட்டீஸுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி தேர்தல் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளடக்கம் உண்மையா பொய்யா என்ற கேள்விக்கே போகாமல் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்ப அசிங்கம் பெரும்பாலும் இப்படித்தான் சுற்றுக்கு வரும், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, கதவிடுக்கில். கிடைத்த பிரதிகளின் பின்னால் இடமும் நேரமும் எழுதி, எடுத்துக் கொடுத்த இருவர் பெயரோடு தேர்தல் நடத்தும் அலுவலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

சமூக ஊடகத்தில் பணம் கட்டிப் போடும் விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும். அனுமதி எண் கேட்டாலே பாதி விஷயம் வெளிவரும். சாதாரணப் பதிவு இந்த வலையில் சிக்காது. போலிப் படம், செயற்கை நுண்ணறிவில் செய்த வீடியோ ஆகியவற்றைத் தங்கள் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று ஆணையம் 2024 மே 6 அன்று உத்தரவிட்டது. அது கட்சிக் கணக்குகளுக்கு. அடையாளம் தெரியாத கணக்கு என்றால் சைபர் கிரைம்தான்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. வேட்பாளரின் மனைவி வேறு மதம், மருமகன் வேறு சாதி என்று சொல்லி "இவருக்கு ஓட்டுப் போடாதே" என்றால் அங்கே 123(3)-உம் எழலாம். அங்கே பொய் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. மதம், சாதி, மொழியைக் காட்டி வாக்குக் கேட்பதோ கொடுக்காதே என்பதோ போதும். 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற கணக்கில் அந்தப் பிரிவின் வீச்சை விரித்துவிட்டது. குடும்பத் தாக்குதல் என்று தலைப்பிட்டு வந்த பேச்சுக்குள் இது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, எல்லாக் குடும்பப் பேச்சும் அத்துமீறல் இல்லை. படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் வேட்பாளர் தன் மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்து, கடன், வருமான வரி விவரம், அரசு ஒப்பந்தங்கள் வரை எழுதிக் கொடுக்கிறார். வாக்காளர் பார்க்கவே அது வெளியாகிறது. மைத்துனருக்கு டெண்டர் போனது, மகன் பதவிக்கு வந்தது, மனைவி பெயரில் நிலம் சேர்ந்தது எல்லாம் தாராளமாகப் பேசலாம். அவை பொதுவாழ்வைத் தொடுகின்றன. "குடும்ப அரசியல்" என்று மேடையில் திட்டியதற்கெல்லாம் புகார் எழுதிக் குவித்தால், ஆணையத்தில் உங்கள் கட்சியின் கடிதத்தைப் பிரிக்கும்போதே சலிப்புத் தட்டும். உண்மையில் தாயையும் மகளையும் இழுத்த அந்த ஒரு புகார் அந்தக் கட்டின் அடியில் கிடக்கும். இருபது புகார் தயாராக இருந்தால் பதினெட்டைக் கிழித்துவிட்டு இரண்டை மட்டும் அனுப்புங்கள்.